லைசென்ஸ் உங்கள் மனைவியிடம் இருக்கிறது

இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து ஒரு வாசகர்: "கோவையில் 16 வருடம் கார் ஓட்டியவன். இங்கு வந்து 14 மாதம் ஆகிறது. டெஸ்ட் இல்லாமல் இந்திய லைசென்ஸை மாற்ற வழி உண்டா? துபாயிலிருந்து வந்த நண்பர் மாற்றிவிட்டார். மனைவி போன மாதம்தான் டெஸ்ட் பாஸ் செய்தாள். காரும் இன்ஷூரன்ஸும் அவள் பெயரில். ஆனால் அவளுக்கு அனுபவம் போதாது என்பதால், அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து மகளைப் பள்ளியில் விடுவது நான்தான்."

வழி இல்லை, தம்பி. அமீரகம், சிங்கப்பூர், ஜப்பான் லைசென்ஸ் என்றால் மாற்றித் தருவார்கள், இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் நம் ஊர் லைசென்ஸ் செல்லும், உங்களுக்கு அது முடிந்து இரண்டு மாதம். ப்ரொவிஷனல், அதாவது பழகுநர் லைசென்ஸ் எடுங்கள், தியரி டெஸ்டில் 50 கேள்வியில் குறைந்தது 43 சரியாக எழுதுங்கள், ஓட்டிக் காட்டுங்கள்.

அது கிடக்கட்டும். 'அனுபவம் போதாது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். அந்தக் காரை ஓட்டத் தகுதியுள்ள ஒரே ஆளைப் பக்கத்து ஸீட்டில் உட்கார வைத்துவிட்டு, பின்னால் மகளையும் ஏற்றிக்கொண்டு, தகுதியில்லாத நீங்கள் ஓட்டுகிறீர்கள். இன்ஷூரன்ஸில் உங்கள் பெயரையும் சேர்த்திருந்தாலும் விபத்து என்று வந்தால் கம்பெனி கையை விரிக்கும். போலீஸ் பிடித்தால் இன்ஷூரன்ஸ் இல்லாததற்கு உங்களுக்கு 300 பவுண்ட் அபராதமும், லைசென்ஸ் கணக்கில் ஏறும் 6 தண்டனைப் புள்ளியும். தன் காரை அப்படி ஓட்ட விட்டதற்கு உங்கள் மனைவிக்கும் 6 புள்ளி விழலாம், புது லைசென்ஸ்காரர் முதல் இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி வாங்கினால் லைசென்ஸே ரத்து. உங்கள் வீம்புக்கு அவர் மறுபடி தியரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

புருஷன் ஓட்ட மனைவி பக்கத்தில் உட்காருவதுதான் அழகு என்று பார்த்து வளர்ந்தவள்தான் நானும். ஆனால் வீட்டைக் காப்பாற்றுவது என்றால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பதா? அனுபவம் போதாது என்கிறீர்கள், சாவியையே கொடுக்காவிட்டால் அது எங்கிருந்து வரும்?

அப்புறம், எல் போர்டு மாட்டி அவரைத் துணைக்கு வைத்துப் பழகலாம் என்றும் நினைக்காதீர்கள், துணைக்கு வருபவர் லைசென்ஸ் எடுத்து 3 வருடமாவது ஆகியிருக்க வேண்டும். காசு கொடுத்து இன்ஸ்ட்ரக்டரிடம் போங்கள். நாளைக் காலை சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் மகளோடு உட்காருங்கள். ரவுண்டானாவில் அவர் கொஞ்சம் தயங்கி நின்றால் வாயைத் திறக்கக் கூடாது.