தாத்தாவோட ரேடியோ வின்டேஜா, வெறும் பழசா?

உசிலம்பட்டியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "வீட்டை இடிச்சுக் கட்டுறோம், பரண்ல இருந்து மூணு செட்டை இறக்கியிருக்கோம். தாத்தாவோட மர்பி வால்வு ரேடியோ, அப்பா 80கள்ல சவுதியில இருந்து கொண்டாந்த, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ இன் ஒன், 2001ல நான் வாங்குன மூணு சிடி போடுற மினி ஹைஃபை. இதுல எது வின்டேஜ், எதை எடைக்குப் போடலாம்?"

தம்பி, தொல்பொருளுக்குச் சட்டமே இருக்கு, 1972 சட்டப்படி பொதுவா 100 வருஷம் ஆகியிருக்கணும், ஆனா வின்டேஜுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது, வாங்கி விக்கிறவங்க பேச்சுக்கு 20 வருஷம், 30 வருஷம்னு சொல்லுவாங்க. நான் வயசோட நிறுத்த மாட்டேன். அந்தக் காலத்து வேலைப்பாடு அதுல தெரியுதா, பின்மூடியைக் கழட்டுனா ஒரு மெக்கானிக் அதுக்கு மறுபடி உயிர் குடுக்க முடியுமா, இது ரெண்டும்தான் எனக்கு முக்கியம்.

மர்பி சந்தேகமே இல்லாம வின்டேஜ். டயல்ல, இப்போ கிலோஹெர்ட்ஸ்னு போடுற இடத்துல, கிலோசைக்கிள்னு அச்சடிச்சிருக்கா பாருங்க, ஹெர்ட்ஸ்ங்கிற பேரை 1960லதான் உலக அளவுல ஏத்துக்கிட்டாங்க, அதுக்கப்புறமும் கொஞ்ச வருஷம் பழைய பேரே ஓடுச்சு, அதனால அந்த எழுத்து இருந்தா செட்டு நல்ல பழசு. ஆனா தயவுசெஞ்சு ஆசைப்பட்டு பிளக்கைச் சொருகிடாதீங்க! இத்தனை வருஷம் சும்மா கிடந்ததுல உள்ள இருக்குற பேப்பர் கண்டென்சர், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற உறுப்பு, கரண்டைக் கசிய விடுற நிலையில இருக்கும், கரண்ட் குடுத்தா அவுட்புட் வால்வு சூடேறி அதோட டிரான்ஸ்பார்மரும் போயிரும், அப்புறம் தேடி அலையணும். வால்வு நம்பர் 'யூ'ன்னு ஆரம்பிச்சா இன்னும் கவனம், அந்த மாதிரி செட்டுல பெரும்பாலும் மெயின் டிரான்ஸ்பார்மர் இருக்காது, உள்ள இருக்குற இரும்புத் தட்டுலயே (சேஸி) நேரா வீட்டு கரண்ட் வரலாம், தொட்டா உயிருக்கே ஆபத்து. மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் விசாரிச்சு வால்வு வேலை தெரிஞ்ச பெரியவர் யாராவது இருந்தா அவர்கிட்ட குடுங்க, அவர் சீரிஸ் லேம்ப், அதாவது கரண்டை மட்டுப்படுத்த வழியில ஒரு பல்பு, போட்டுத்தான் முதல்ல ஆன் பண்ணுவார், அப்படிப் பண்ணாதவர்கிட்ட குடுக்காதீங்க.

டூ இன் ஒன்னும் வின்டேஜ்தான், என் கணக்குல. கேசட் ஓடலைன்னா பயப்படாதீங்க, பெரும்பாலும் ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கும், ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு புது பெல்ட் மாட்டுனா ஓடிரும்.

மினி ஹைஃபை இப்போதைக்கு வெறும் பழசு. சிடியைப் படிக்கிற லேசர் பிக்கப் போயிட்டா அதே மாடலுக்குக் கிடைக்கிறது கஷ்டம். ஆனாலும் ஸ்பீக்கர் பொட்டிய எடைக்குப் போடாதீங்க, உள்ள இருக்குற கூம்பு (கோன்) கிழியாம இருந்தா சின்ன ஆம்ப்ளிபயர்ல மாட்டி நல்லாவே கேக்கலாம்.

இன்னொண்ணு, விக்கிறதா இருந்தாலும் மர்பி கேபினட்டுக்குப் புதுசா வார்னிஷ் அடிச்சுராதீங்க, குமிழ் உடைஞ்சிருந்தாலும் அந்தத் துண்டை எடுத்து வைங்க, பழைய குமிழுக்கு ஜோடி தேடுறவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும்.