விண்வெளி லேசர் தொடர்புத் துறை: மகளுக்கு எந்தப் பட்டம்?

செயற்கைக்கோள்களுக்கு இடையிலான லேசர் தொடர்பில்தான் வேலை பார்ப்பேன் என்று உங்கள் மகள் சொல்கிறாள். பட்டத்தின் பெயரில் 'விண்வெளி' இல்லாவிட்டால் வாய்ப்பு போய்விடுமோ என்பது உங்கள் கவலை. போகாது. அந்த வேலையின் கடினம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் படிப்பைத் தேர்வது எளிது.

500 கி.மீ. உயரத்தில் சுற்றும் சிறிய செயற்கைக்கோள், ஒரு தரை நிலையத்தின் பார்வையில் ஒரு முறைக்குச் சுமார் பத்து நிமிடமே நிற்கும். 36,000 கி.மீ. உயரத்து ரிலே (தகவலை வாங்கித் தரைக்கு அனுப்பும்) செயற்கைக்கோளோ அந்தச் சிறிய செயற்கைக்கோளை ஏறத்தாழ பாதிச் சுற்றுக்குப் பார்க்கும். அதனால்தான் இரண்டையும் லேசரால் இணைக்கிறார்கள். ஐரோப்பாவின் இ.டி.ஆர்.எஸ். என்ற தகவல் ரிலே அமைப்பின் முதல் ரிலே 2016இல் ஏவப்பட்டது. அதன் லேசர் வேகம் நொடிக்கு 1.8 கிகாபிட்.

சிக்கல் குறிபார்ப்பதில் இருக்கிறது. 15 மைக்ரோரேடியன் (கோண அளவான ரேடியனில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோரேடியன்) விரியும் லேசர் கற்றை 40,000 கி.மீ. தாண்டும்போது 600 மீட்டர் அகலமாகிவிடும். 10 செ.மீ. லென்ஸில் விழுவது அதில் மூன்றரைக் கோடியில் ஒரு பங்கு. ஒளி போய்ச் சேருவதற்குள் எதிர்முனை நகர்ந்துவிடுவதால், அது தெரியும் இடத்துக்கு அனுப்பினால் கற்றை 2 கி.மீ. வரை தவறும், சுமார் 50 மைக்ரோரேடியன் முன்தள்ளிக் குறிவைக்க வேண்டும். சிறிய செயற்கைக்கோளின் உடல் இலேசானது. ரியாக்‌ஷன் வீலின் (செயற்கைக்கோளைத் திருப்பச் சுழலும் சக்கரம்) சிறு சமநிலைக் குறைவும் அதை நடுக்கும். அதனால் செயற்கைக்கோளின் உடல் தோராயமாகத் திரும்ப, உள்ளே வேகமாக அசையும் எதிரொளிப்புக் கண்ணாடி மிச்சத்தைத் திருத்துகிறது. வெயிலும் நிழலும் மாறி மாறிப் பட்டு லென்ஸும் கண்ணாடியும் பொருத்திய ஒளியியல் பலகை வளைந்தால், அனுப்பும் அச்சும் பெறும் அச்சும் விலகிவிடும்.

ஆகவே எலெக்ட்ரானிக்ஸ் பொறியியல் அல்லது இயற்பியல் எடுக்கட்டும். கண்ட்ரோல் பாடத்தை (பிழையை அளந்து தானே திருத்தும் அமைப்புகளைப் பற்றியது) ஆழமாகப் படிப்பது கட்டாயம். அதிர்விலும் வெப்பத்திலும் ஆர்வமிருந்தால் மெக்கானிக்கலும் நல்ல வழிதான். நேரியல் இயற்கணிதம், ஃபூரியே பகுப்பாய்வு (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணிதம்), நிகழ்தகவு மூன்றும் கைவசம் இருக்கட்டும்.

இரண்டாம் ஆண்டிலேயே ஒரு செய்முறை தொடங்கலாம். 1 மில்லிவாட்டுக்கு மிகாத சிவப்பு லேசர், நான்கு பகுதி போட்டோடையோடு (கற்றை எந்தப் பக்கம் விலகுகிறது என்று காட்டும் ஒளி உணரி), இரு அச்சுக் கண்ணாடி, மைக்ரோகண்ட்ரோலர் போதும். மேசையைச் சிறு மோட்டாரால் அதிர வைத்து, திருத்தத்துக்குப் பிறகும் மிஞ்சும் பிழையை அதிர்வெண் வாரியாக அளக்கட்டும். திருத்தத்தின் பெருக்கத்தை (பிழைக்கு எவ்வளவு பலமாக எதிர்வினை காட்டுவது என்ற அளவை) ஏற்றினால் கண்ணாடியின் இயல்பு அதிர்வு கிளர்ந்து கற்றை தறிகெட்டு ஆடும்; அந்த இடத்தில்தான் உண்மையான கற்றல் தொடங்குகிறது. அறை வெளிச்சம் குழப்பினால் லேசரைக் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் துடிக்க வைத்து (பண்பேற்றி), அந்த அதிர்வெண்ணை மட்டும் வடிகட்டி எடுக்க வேண்டும். இத்துறையில் பயன்படும் 1064, 1550 நானோமீட்டர் அலைநீள லேசர்கள் கண்ணுக்குத் தெரியாதவை. மேற்பார்வையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அவற்றைத் தொடவே கூடாது.

இத்துறைக்கென்றே உள்ள பணியிடங்கள் குறைவு, உண்மைதான். ஆனால் இதே திறமை ஒளியிழைத் தொடர்பு, லிடார் (லேசரால் தூரம் அளக்கும் கருவி), தொலைநோக்கிக் கருவிகள் எல்லாவற்றிலும் செல்லும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒளியியல் மேசை (லேசர் சோதனைக்கான அதிராத மேசை) இருக்கிறதா? இளநிலை மாணவர்களை அதைத் தொட விடுகிறார்களா?