நுனி வெட்டுவதற்கு முன்பணமா?

கேள்வி: எனக்கு இடுப்பு வரை முடி. ஆறு வாரத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டினால்தான் முடி வளரும் என்று எங்கள் ஊர் பார்லரில் சொல்கிறார்கள். வருடத்துக்கு எட்டு ட்ரிம், 2,400 ரூபாய் முன்பணம். அதில் சேர்ந்தால் ஒரு ஹெட் மசாஜ் இலவசமாம். சேரலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒன்று முதல் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். வருடத்துக்கு 12 முதல் 15 செ.மீ. பார்லரில் ‘கொஞ்சம்தான்’ என்று சொல்லிக் கத்தரி வைத்தால் ஓர் அங்குலம், அதாவது இரண்டரை செ.மீ. போய்விடும். எட்டு முறைக்கு 20 செ.மீ. ஆக, வருடக் கடைசியில் உங்கள் பின்னல் இப்போது இருப்பதைவிடக் குட்டையாக இருக்கும். அதற்கு 2,400 ரூபாய்.

முடி வளர்வது தலைத்தோலுக்குள் இருக்கும் வேரில். வெளியே தொங்குவது உயிரற்ற இழை. நுனியில் கத்தரி பட்ட செய்தி வேருக்குப் போய்ச் சேர வழியே இல்லை.

ஆனாலும் பார்லர்காரர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. உங்கள் முடியின் நுனிக்கு இப்போது ஐந்தாறு வயது ஆகியிருக்கும். அத்தனை வருடச் சீப்பையும், வெயிலையும், துண்டால் அடித்துத் துவட்டியதையும் தாங்கிய பகுதி அது. இழையின் மேலே செதில் போன்ற ஒரு காப்பு உண்டு. அது தேய்ந்து போனதும், பழைய கயிற்றின் முனை பிரிவதுபோல உள்ளே இருக்கும் நார்கள் பிரிகின்றன. பிளவு மேல்நோக்கி ஏறி, ஓரிடத்தில் முடி ஒடிந்துவிடும். மேலே வளர்ந்ததைக் கீழே இழந்துகொண்டிருந்தால், மூன்று வருடமானாலும் முடி அதே நீளத்தில் நிற்கும். ‘எனக்கு முடியே வளர்வதில்லை’ என்று எழுதும் பலருக்கு நடப்பது இதுதான். பிளந்த பகுதியை வெட்டினால் அந்த இழப்பு நிற்கும். வளர்ச்சி அதிகரிக்காது.

எப்போது வெட்டுவது? காலண்டரைப் பார்க்காதீர்கள், நுனியைப் பாருங்கள். உலர்ந்த முடியில் ஒரு கற்றையை வெள்ளைத் துணிமேல் பரப்பி, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நுனி இரண்டாகப் பிளந்திருக்கிறதா? இழையின் நடுவே வெண்புள்ளிகள் தெரிகின்றனவா? அந்தப் புள்ளிகள் அடுத்து ஒடியப் போகும் இடங்கள். பின்னலின் கடைசி நான்கு விரற்கடை எலிவாலாக மெலிந்திருக்கிறதா? மேலே வழுக்கிக்கொண்டு வரும் சீப்பு தினமும் அடியில் வந்து சிக்குகிறதா? இவற்றில் இரண்டு இருந்தாலே வெட்டலாம். ஒன்றும் இல்லையென்றால் ஆறு மாதம் ஆனாலும் கத்தரியைத் தொட வேண்டியதில்லை. சாயம் போடுகிறவர்கள், அயர்ன் செய்கிறவர்கள் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு சோதனையையும் செய்யுங்கள். சீப்பில் வந்த முடியை எடுத்துப் பாருங்கள். முழு நீளமாக, ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழுடன் இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்தது. நாளைக்கு 50 முதல் 100 வரை அப்படி உதிர்வது இயல்பு. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக வந்தால் அது ஒடிந்தது. ட்ரிம் உதவுவது இரண்டாவதற்கு மட்டும்தான். கடும் காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டுவது முதல் வகை. பெரும்பாலும் தானே நின்றுவிடும். நிற்காவிட்டாலும், வட்டமாகச் சொட்டை விழுந்தாலும் தோல் மருத்துவரிடம் போக வேண்டும், பார்லருக்கு அல்ல.

வீட்டிலேயே வெட்டிக்கொள்வதானால் சமையலறைக் கத்தரி வேண்டாம். மழுங்கிய கத்தரி முடியை நசுக்கும். நசுங்கிய இடத்தில் மறுபடி பிளவு தொடங்கும். முடி வெட்டுவதற்கென்றே உள்ள கத்தரியைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி, வேறு எதையும் அதால் வெட்டாமல் வைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் உழைக்கும். பிளவு தெரிகிற இடத்துக்குச் சற்று மேலே வெட்டுங்கள்.

கேள்வி: வெடித்த நுனியை ‘ஒட்டவைக்கும்’ என்று ஒரு சீரம் 450 ரூபாய்க்கு விற்கிறது. உண்மையா?
– வாசகி, மதுரை

பதில்: அடுத்த முறை தலை குளிக்கும்வரை உண்மை. டைமெத்திகோன் போன்ற சிலிக்கோன்கள் பிளவின்மேல் படிந்து வழவழப்பாக்கும், சிக்கு குறையும். அந்த மட்டில் பயனுள்ள பொருள்தான். பிளந்த முடியை நிரந்தரமாக ஒட்டும் பொருள் எந்தக் கடையிலும் இல்லை. சிலிக்கோன்தான் வேண்டும் என்றால், உட்பொருள் பட்டியலின் முதல் வரியிலேயே அதே பெயர் இருக்கும் மலிவான பாட்டிலும் அதே வேலையைச் செய்யும்.

கேள்வி: வளர்பிறையில் நுனி வெட்டினால் வேகமாக வளரும் என்கிறார் என் மாமியார். குழந்தைக்கு இரண்டாவது மொட்டை போட்டால் அடர்த்தியாகும் என்றும் சொல்கிறார்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டுதல் இருந்தால் பழனிக்குப் போய் வாருங்கள். அடர்த்திக்காகப் போக வேண்டாம். புதிதாக முளைக்கும் முடியின் முனை மொட்டையாக இருப்பதால் தொடுவதற்குத் தடிமனாகத் தெரியும், அவ்வளவுதான். வளர்பிறையில் வெட்டுவதால் நஷ்டம் ஏதும் இல்லை. மாமியாரோடு சண்டை வேண்டாம்.

கேள்வி: பாதாம் எண்ணெய், செக்குத் தேங்காய் எண்ணெய்: முடி ஒடியாமல் இருக்க எதை வாங்குவது?
– வாசகர், ஈரோடு

பதில்: ‘பாதாம்’ என்று படம் போட்ட பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். உட்பொருள் பட்டியலில் அதிகம் உள்ளது முதலில் வரும். பல பாட்டில்களில் முதலில் நிற்பது லைட் லிக்விட் பாரஃபின், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில். அது விஷமல்ல, முடியை வழுக்கச் செய்யும். ஆனால் பாதாமுக்கென்று நீங்கள் கொடுக்கும் விலை பாரஃபினுக்குப் போகிறது.

தேங்காய் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வு ஒன்றில், முடியிலிருந்து புரதம் இழப்பதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. ஆய்வு செய்தவர்கள் மும்பையில் மாரிக்கோ நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவினர். பாராசூட் எண்ணெய் விற்கும் அதே நிறுவனம்தான். தன் சரக்கைத் தானே மெச்சிக்கொண்டதோ என்ற சந்தேகம் நியாயமானது. இருந்தாலும் அவர்கள் சொன்ன காரணம் ஏற்கத்தக்கது: தேங்காய் எண்ணெயில் அதிகம் உள்ள லாரிக் அமிலத்தின் நேரான சிறு மூலக்கூறு இழைக்குள் புக முடிகிறது, பாரஃபினால் முடிவதில்லை. கவனியுங்கள், அந்த முடிவு தேய்மானத்தைப் பற்றியது. ‘புதிய முடி முளைக்கும்’ என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை.

ஆகவே சமையலுக்கு வாங்கும் சுத்தமான தேங்காய் எண்ணெயே போதும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்போ முந்தைய இரவோ, நுனிக்குக் கொஞ்சம் தாராளமாகத் தடவுங்கள். தலையில் பொடுகு இருந்தால் தலைத்தோலில் தேய்க்காதீர்கள், அதிகமாகலாம்.

கேள்வி: என் மகளுக்குச் சுருட்டை முடி. இரண்டு அங்குலம் மட்டும் வெட்டச் சொன்னோம். ஈரத்தில் இழுத்துப் பிடித்து வெட்டினார்கள். காய்ந்தபின் தோளுக்கு மேலே ஏறிவிட்டது. பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. என்ன செய்யலாம்?
– வாசகர், சென்னை

பதில்: சுருட்டை முடி ஈரத்தில் நீண்டு, காய்ந்ததும் சுருங்கும். தெரிந்தவர்கள் அதை உலர்ந்த நிலையில்தான் வெட்டுவார்கள், அல்லது சுருங்கும் அளவை விட்டுவைத்து வெட்டுவார்கள். அடுத்த முறை உட்காரும் முன்பே, வெட்ட வேண்டிய அளவை விரலால் காட்டாமல் ஸ்கேல் வைத்துக் காட்டுங்கள், ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் ஏன் என்றால், 2018இல் டெல்லி நட்சத்திர ஹோட்டல் சலூன் ஒன்றில் நுனியில் 4 அங்குலம் வெட்டச் சொன்ன ஒரு பெண்ணுக்கு மேலே 4 அங்குலத்தை மட்டும் விட்டுவைத்தார்கள் என்று வழக்கு. தேசிய நுகர்வோர் ஆணையம் 2021இல் 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில், சேவைக் குறைபாடு என்ற முடிவில் கை வைக்கவில்லை. ஆனால் அத்தனை பெரிய தொகைக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு, அதை ரத்து செய்து வழக்கைத் திருப்பி அனுப்பியது. நஷ்டத்தைக் காட்டும் காகிதம் கையில் வேண்டும்.

வரி தனி விஷயம். சலூன் சேவைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். உங்கள் பில் அதற்குப் பிந்தியதென்றால் 18 சதவீதம் தவறு, பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதலில் சலூனுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் மனுச் செய்தால் போதும்.