‘ஸ்னோ கேரண்டி’க்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: துபாயில் இருக்கும் மகன் ஜனவரியில் லீவுக்கு வருகிறான். குடும்பமாக குல்மார்க் போய் பனிச்சறுக்கு பழக வேண்டும் என்கிறான். ஒரு டிராவல்ஸ்காரர் ‘ஸ்னோ கேரண்டி’ என்று சொல்லி பாதிப் பணம் கேட்கிறார். போனிலும் 15 நாளுக்கு முன்பே, நாங்கள் போகும் வாரம் முழுக்கப் பனி விழும் என்று படம் காட்டுகிறது. நம்பிப் பணம் கட்டலாமா? – திங்கள்சந்தையிலிருந்து ஒரு வாசகி.

கட்டாதீர்கள் அம்மா. இப்போதைக்குக் கட்டவே வேண்டாம்.

முதலில் அந்தப் படம். இன்று ராத்திரி ஒரு முறை, நாளைக் காலையில் ஒரு முறை திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் அதிசயம். காஷ்மீரின் குளிர்காலப் பனி பெரும்பாலும் மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து கிளம்பி வரும் ‘மேற்கத்திய இடையூறு’ என்னும் காற்றழுத்தத் தாழ்வு கொண்டுவருவது. நம் கள்ளக்கடல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளச்சலில் காற்றே இருக்காது, வானம் தெளிந்து கிடக்கும்; எங்கோ தெற்கே பெருங்கடலில் அடித்த காற்று எழுப்பிய அலை சில நாள் கழித்து இங்கே கரையேறும். அலை கிளம்பிய பிறகு எப்போது வரும் என்று சொல்லலாம். 15 நாளுக்கு முன் நீங்கள் பார்க்கிற படத்திலோ, அந்த இடையூறு பெரும்பாலும் பிறந்தே இருக்காது. பிறக்காத பிள்ளைக்கு ஜாதகம் கணித்துத் தருகிறது போன். ஐந்து நாளுக்கு உட்பட்டதைக் கவனியுங்கள். மூன்று நாளுக்கு உட்பட்டதை ஓரளவு நம்புங்கள்.

அப்புறம் அந்தப் படத்தோடு போன் காட்டும் சதவீதம். 70 சதவீதம் என்றால் விழ வாய்ப்பு அவ்வளவு என்று பொருள். நிறைய விழும் என்று பொருள் இல்லை. அளவு வேண்டுமென்றால் மில்லிமீட்டர் கணக்கைப் பாருங்கள். 10 மி.மீ. நீர் என்றால் தோராயமாக 10 செ.மீ. பனி. ஈரப் பனியாக இருந்தால் அதைவிடக் குறையும். ஊர்ப் பெயரையும் பாருங்கள். சும்மா ‘காஷ்மீர்’ என்று தேடிவிட்டு ஸ்ரீநகர் கணக்கைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. குல்மார்க் அதைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஸ்ரீநகரில் மழை பெய்யும்போது குல்மார்க்கில் பனி விழலாம்.

ஆனால் உங்களுக்கு வேண்டியது விழுகிற பனியே இல்லை. கிடக்கிற பனி. இதைத்தான் யாரும் சொல்வதில்லை. சறுக்குப் பழகுகிறவனுக்கு, ஏற்கெனவே விழுந்து, மிதிபட்டு, கெட்டிப்பட்ட பனி வேண்டும். போனில் ‘பனி 0 செ.மீ., வெயில்’ என்று காட்டுகிற நாள்தான் அவனுக்கு நல்ல நாள், அதற்கு முந்தைய வாரம் நன்றாக விழுந்திருந்தால். விடாமல் கொட்டுகிற நாளில் பாதை மூடும், மலைக்கு ஏற்றிச் செல்லும் கம்பிவடப் பெட்டியான கோண்டோலா நிற்கும், விடுதி அறையில் உட்கார்ந்து கம்பளிக்குள் சீட்டு விளையாட வேண்டியதுதான்.

டிசம்பர் 21-லிருந்து 40 நாள் ‘சில்லை கலான்’, அங்கே கடுங்குளிர்க் காலம். ஜனவரி என்றாலே பனி என்று டிராவல்ஸ்காரர் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியையே மார்ச்சுக்குத் தள்ளினார்கள். அரசாங்கத்துக்கே கிடைக்காத கேரண்டி இவருக்கு எங்கிருந்து கிடைத்தது?

கேட்டால் ஒரு பதில் வைத்திருப்பார்: “கீழே இல்லாட்டாலும் மேலே இருக்கும்.” இதில் உண்மை உண்டு, அதனால்தான் ஆபத்து. குல்மார்க் 2,650 மீட்டர். கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் இறக்கிவிடும் அபர்வத் மலைத்தோள் ஏறக்குறைய 3,950 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். கீழே 3 டிகிரி இருந்தால் மேலே மைனஸ் 5. கீழே உருகிப் போனது மேலே கிடக்கும். சரி, கிடக்கட்டும். ஆனால் அது பழகுகிறவர்களுக்கான இடம் இல்லை. செங்குத்தான, சீர்செய்யாத சரிவு. பனிச்சரிவு நடக்கிற மலை. 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இரண்டு பேரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் குல்மார்க் மலைச்சரிவுகளில் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். அவர்கள் சறுக்குத் தெரிந்தவர்கள். மேலே ஏறி நின்று பனியைத் தொட்டு, படம் எடுத்துக்கொண்டு அதே பெட்டியில் இறங்கி வரலாம், தப்பில்லை. ஆனால் ‘மேலே பனி இருக்கிறது’ என்பதை வைத்து ‘உங்கள் மகன் சறுக்கலாம்’ என்று ஒருவர் சொன்னால், அவர் உங்களிடம் பொய்யே சொல்லாமல் ஏமாற்றுகிறார்.

வழியில் இன்னும் ஆட்கள் நிற்பார்கள். குல்மார்க்குக்குக் கீழே உள்ள தங்மார்க்கில் வண்டியை நிறுத்தி, பூட்ஸும் கோட்டும் இங்கேயே வாடகைக்கு எடுத்தால்தான் உண்டு, மேலே கிடைக்காது என்பார்கள். கிடைக்கும். கோண்டோலா பக்கம் குதிரைக்காரர், நடக்கவே முடியாத தூரம் என்பார். நடக்கலாம். கோண்டோலா டிக்கெட்டை அதை நடத்தும் அரசு நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே எடுங்கள். கையில் டிக்கெட் வைத்திருக்கிறேன் என்பவரிடம் போகாதீர்கள். ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களை நம்பலாம். புதுப் பனி விழுந்தால் தங்மார்க்கிலிருந்து மேலே உள்ள 13 கி.மீ.க்குச் சங்கிலி போட்ட சக்கரமோ நான்கு சக்கர இழுவை வண்டியோதான் விடுவார்கள்.

வானிலை அறிவிப்பு வெளியிடுபவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. நம் மாவட்டத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை என்று ஒரே நிறத்தைப் பூசிவிடுவார்கள். பேச்சிப்பாறையில் கொட்டும், ஆரல்வாய்மொழியில் காற்றாலை காய்ந்துகொண்டு சுற்றும். அங்கேயும் அதே கதைதான்: குல்மார்க் இருக்கும் பாரமுல்லா மாவட்டம், இத்தனை மீட்டருக்கு மேல் பனிச்சரிவு அபாயம் என்று ஒரு வரி. ஊரும் மலைச்சிகரமும் அந்த ஒரு வரிக்குள். காசு கட்டிப் போகிறவன் கேட்பதெல்லாம், பழகும் சரிவில் இன்று எத்தனை செ.மீ. கிடக்கிறது என்ற ஓர் எண். அந்த எண்ணை யாருக்கும் புரிகிறபடி தினம் காலையில் போட்டுவிட்டால் கேரண்டி வியாபாரம் படுத்துவிடும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். திரும்பக் கிடைக்கிற அறையை மட்டும் பதிவு செய்யுங்கள். கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது அந்த விடுதிக்கே போன் போட்டு, வீடியோ காலில் வெளியே வந்து பழகும் சரிவைக் காட்டச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படம் போன வருஷத்து படமாக இருக்கலாம். புல் தெரிந்தால் தேதியைத் தள்ளுங்கள். லீவின் இரண்டாம் பாதி உங்களுக்கு இருக்கிறது. உண்மையிலேயே பழக வேண்டும் என்றால், குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிலையம் இருக்கிறது; அங்கே வகுப்பு எப்போது என்று மகனை விசாரிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பனி கொட்டினால் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாகும். திருவனந்தபுரத்திலிருந்து மகனுக்குத் துபாய் டிக்கெட் போடும்போது, ஊர் திரும்பும் நாளுக்கும் அதற்கும் நடுவே மூன்று நாளாவது விடுங்கள்.