நாய்க்கு உண்ணி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? எப்படி எடுப்பது?

உண்ணி என்பது நாயின் தோலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும், சிலந்தி இனத்தைச் சேர்ந்த சிறு உயிர். சென்னையின் வெக்கையில் இதற்கு ஆண்டு முழுக்கக் கொண்டாட்டம்தான்.

தினமும் முடிக்கு எதிர்த்திசையில் விரலால் தடவிப் பாருங்கள். காதின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டையின் அடி, அக்குள், வாலடி, முக்கியமாக விரலிடுக்கு. சிறு முடிச்சாகத் தட்டுப்பட்டால் உடனே இழுக்காதீர்கள். மருவையும் முலைக்காம்பையும் உண்ணி என்று பிடுங்கி நாயை அலற விடுபவர்கள் உண்டு. டார்ச் அடித்துப் பார்த்தால் உண்ணிக்குக் கால்கள் தெரியும்.

அதன் வாய் தூண்டில் முள் மாதிரி: சுலபமாக உள்ளே போகும், பின்னோக்கிய முட்களால் எளிதில் வெளியே வராது. அதனால்தான் கூர்முனை இடுக்கியால், வயிற்றை நசுக்காமல், தோலை ஒட்டிப் பிடித்து, நேராக, நிதானமாக இழுக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எடுத்ததை ஸ்பிரிட்டில் போடுங்கள். அப்புறம் கடிபட்ட இடத்தைக் கிருமிநாசினியால் துடையுங்கள்.

நாயை மட்டும் பார்த்தால் போதாது. பெண் உண்ணி கீழே இறங்கிச் சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். படுக்கையையும் மூலைகளையும் சுத்தம் செய்யுங்கள். காய்ச்சல், சோர்வு, ஈறு வெளுப்பு தெரிந்தால் தாமதிக்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவரிடமோ காட்டுங்கள்; அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்.

மண்ணெண்ணெய் தடவினாலோ தீக்குச்சியால் சுட்டாலோ உண்ணி தானாக விழுந்துவிடும் என்பது தவறு. நாயின் தோல்தான் புண்ணாகும், உண்ணி தன் எச்சிலைக் காயத்துக்குள் கக்கி நோயைப் பரப்பவும் கூடும்.