எக்கினேசியா தழைத்துச் சாய்கிறது, பூ குறைவு: என்ன செய்யலாம்?

கேள்வி: இரண்டாவது கோடையில் என் எக்கினேசியா செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்து சாய்ந்துவிட்டன. பூ குறைவு. தினமும் தண்ணீர் விடுகிறேன், மாதம் தவறாமல் உரமும் போடுகிறேன். ஒரு செடியில் பூ பச்சையாகவே நிற்கிறது. என்ன காரணம்?

பதில்: முதல் வேலையாக உரத்தை நிறுத்துங்கள். எக்கினேசியா வட அமெரிக்கப் புல்வெளிகளில் புற்களோடு போட்டியிட்டு வளர்ந்த செடி. தழைச்சத்து மிகுந்தால் இலை பெருகும், தண்டு வலுவிழந்து நீளும், பூவின் கனம் தாங்காமல் சாயும். வசந்த காலத் தொடக்கத்தில் தூரைச் சுற்றி மெல்லிய அடுக்காக மட்கிய உரம் போட்டால் ஆண்டு முழுவதற்கும் போதும். வேர் பிடித்த செடிக்குத் தினமும் தண்ணீர் தேவையில்லை. மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு ஆழமாக விடுங்கள். வறட்சியை அது தாங்கும். நீர் தேங்கினால் தூர் அழுகிவிடும்.

தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் விழுகிறதா என்றும் பாருங்கள். விழவில்லை என்றால் இலையுதிர் காலத்தில் இடம் மாற்றலாம். ஆனால் பரவலாக வளர்க்கப்படும் பர்ப்யூரியா இனத்துக்குத்தான் இது பொருந்தும். அதற்குச் சல்லி வேர். பாலிடா போன்ற மற்ற இனங்களுக்கு ஆழமான ஆணிவேர், அவற்றைத் தோண்டாதீர்கள்.

பச்சைப் பூவை அருகில் போய்ப் பாருங்கள். இதழ்கள் இளம்பச்சையாக விரிந்து பிறகு நிறமேறுவது இயல்பு. பூவின் நடுவிலுள்ள கூம்பில் ஒரு பகுதி மட்டும் குஞ்சம் போலப் புடைத்து, இலைகள் நன்றாக இருந்தால், அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஈரியோபைட் என்ற சிலந்திப்பேனின் வேலை. அந்தப் பூக்களை வெட்டி அப்புறப்படுத்தினால் போதும். கூம்பிலிருந்து குட்டி இலைகள் முளைத்து, இதழ்கள் சிறுத்து, இலைகளும் வெளிறினால் அது ஆஸ்டர் மஞ்சள் நோய். தத்துப்பூச்சி பரப்பும் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி இதற்குக் காரணம். மருந்து கிடையாது. மனம் கேட்காதுதான், இருந்தாலும் வேரோடு பிடுங்கிவிடுங்கள். விட்டுவைத்தால் பக்கத்துச் செடிகளுக்கும் பரவும். நோய் மண்ணில் தங்காது என்பதால் அதே குழியில் புதுச் செடி நடலாம்.

சாய்ந்த தண்டுகளுக்கு இப்போதைக்குக் குச்சி நட்டுக் கட்டுங்கள். அடுத்த ஆண்டு வசந்தத்தின் கடைசியில், மொட்டு வைக்கும் முன், தண்டுகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். பூப்பது சில வாரங்கள் தள்ளிப்போகும், ஆனால் செடி குட்டையாகக் கிளைத்து நிமிர்ந்து நிற்கும்.