சங்கு ஊதினா சந்தை முடிஞ்சுதுங்க

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர்: சொட்டுநீர்ப் பாசனம் பார்க்க நண்பர்கள் ஐந்து பேர் இஸ்ரேல் போகிறோம். நடுவில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் ஜெருசலேமில் சும்மா சுற்ற ஆசை. சரிப்படுமா?

சரிப்படுமுங்க, கிழமையை மட்டும் மாத்திக்கோங்க. அங்க வார லீவு வெள்ளியும் சனியும். ஞாயித்துக்கிழமை ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் திறந்துரும். வெள்ளிக்கிழமை பொழுது இறங்கறதுக்கு முன்னாலேயே 'ஷபாத்'துங்கற யூதர்களோட வார ஓய்வு நாள் ஆரம்பிச்சா, சனிக்கிழமை இருட்டி மூணு நட்சத்திரம் தெரியற வரைக்கும் ஓய்வுதான். ரயில் ஓடாது, பஸ்ஸும் பெரும்பாலும் இல்லை, யூதர்கள் கடையும் அடைப்பு.

இதை ஆனைமலையில தென்னை வெச்சிருக்கற எனக்கு யாரும் சொல்லலை. 2018-ல நாங்களும் அஞ்சு பேருதான் போனோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் மகானே யெகூதா சந்தைக்குள்ள நுழைஞ்சா, நோம்பிக்கு முந்தின நாள் பொள்ளாச்சி சந்தை மாதிரி கூட்டம். டப்பா டப்பாவா ஆலிவ் ஊறல், பாறையாட்டம் எள்ளு அல்வா, பொம்பளைப் புள்ளைக ஜடை மாதிரி பின்னின ரொட்டி. நேரமாக ஆக விலையைக் குறைச்சுக் கூவறாங்க. "சித்தெ கழிச்சு வாங்குனா இன்னும் சல்லிசா கெடைக்கும்"னு நாந்தான் சொன்னேன். அந்தப் பேச்சுக்கு இன்னிக்கு வரைக்கும் திட்டு வாங்கறேன்.

திடீர்னு ஊரே கேக்கற மாதிரி சங்கு ஊதுச்சு. எங்களுக்கு ஈரக்குலை நடுங்கிப் போச்சு. கூட வந்தவருல ஒருத்தர் பீளமேட்டு மில்லுல முப்பது வருஷம் வேலை பார்த்தவரு. அவரு மட்டும் நிதானமா, "ஷிப்ட் முடிஞ்சுதுங்க"ன்னாரு. அவரு சொன்னதுதான் சரி. ஷபாத் வந்துருச்சுன்னு ஜெருசலேம்ல பொழுது இறங்க நாப்பது நிமிஷம் முன்னாடி ஊதறது அது. ஷட்டர் எல்லாம் சரசரன்னு இறங்கிருச்சு. எங்க பையில இருந்தது ஒரு கிலோ வெள்ளரிப்பிஞ்சு, ஒரு டப்பா ஆலிவ், ரெண்டு ஜடை ரொட்டி. ராத்திரி ரூம்ல ரொட்டியைப் பிச்சு, வீட்டுல குடுத்தனுப்புன இட்லிப்பொடியை நல்லெண்ணெய்ல கொழைச்சுத் தொட்டுக்கிட்டோம். இனிப்பு பன்னுல பொடி தடவுன மாதிரி இருந்துச்சு. மோசமில்லைங்க.

சனிக்கிழமை காலையில லிப்ட் தானா ஒவ்வொரு மாடியா நின்னு நின்னு போகுது. அன்னிக்கு பட்டன் அமுத்தக்கூடாதுங்கறவங்களுக்காக அப்படி வெச்சிருக்காங்க. மில்லுக்காரரு, "டவுன் பஸ்ல ஏறிட்டமுங்களா?"ன்னு கேட்டாரு. வெளிய வந்தா யாஃபா ரோட்டுல டிராம் ஓடலை. தண்டவாளத்து மேலேயே கதை பேசிக்கிட்டு பழைய நகரத்துக்கு நடந்தோம். அங்க முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் இருக்கற பக்கம் கடைக திறந்திருக்கும். சுடச்சுட கனாஃபே, அதாவது பாலாடைக்கட்டி மேல சேமியா மாதிரி மாவு போட்டு, பாகு ஊத்துன பலகாரம். ஏலக்காய் மணக்கற கடுங்காப்பி. டமாஸ்கஸ் வாசல் படிக்கட்டுல உக்காந்து பொழுதோட வரைக்கும் வேடிக்கை பார்த்தோம். சுத்தறதுன்னா எனக்கு அதுதான்.

சாக்கடலை ஞாயித்துக்கிழமைக்கு வெச்சுக்கோங்க. பஸ் ஓடும், உள்ளூர்க்காரங்க வேலைக்குப் போயிருப்பாங்க. கடல் மட்டத்துக்குக் கீழ சுமார் 430 மீட்டர், சாதாரணக் கடலைப் போல பத்து மடங்கு உப்பு. முந்தின நாள் சவரம் பண்ணாதீங்க. எனக்குத் தென்னமட்டை கிழிச்ச கீறல் ஒண்ணு முழங்கையில இருந்துச்சு. தண்ணியில மிதந்தது அரை நிமிஷம், கத்துனது அஞ்சு நிமிஷம்.

ஒண்ணு மறந்துட்டேன். 2023 அக்டோபருக்கு அப்புறம் அங்க நிலைமை மாறிக்கிட்டே இருக்கு. நம்ம வெளியுறவுத்துறை அறிவிப்பைப் பார்த்துட்டு டிக்கெட் போடுங்க.

உடுமலையிலிருந்து ஒரு வாசகி: நான் சைவம். பட்டினிதானா?

ஏனுங்க அம்மிணி, அது கொண்டைக்கடலை ஊரு! ஃபலாஃபெல்ங்கறது கடலையை ஊறவெச்சு அரைச்சுச் சுட்ட நம்ம வடைதான். ஹம்முஸ், வேகவெச்ச கடலையோட எள்ளு விழுதும் எலுமிச்சையும் சேர்த்தது. சொன்னேனே, அந்த ஜடை ரொட்டியில முட்டை சேர்ப்பாங்க, கேட்டு வாங்குங்க. கூட வர்றவங்க கறி சாப்பிடற கோஷர் ஓட்டல்ல, அதாவது யூதர்களோட சாப்பாட்டு விதிப்படி நடக்கற ஓட்டல்ல, பால் காபி மட்டும் கேக்காதீங்க. கறியும் பாலும் ஒரே எடத்துல சேராது.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்: டெல் அவிவ் நல்லதா, ஜெருசலேம் நல்லதா?

வயசு என்னங்க தம்பி? முப்பதுக்குள்ளன்னா டெல் அவிவ். சனிக்கிழமை கடற்கரை நெறைஞ்சு, மட்டையால பந்தைத் தட்டி விளையாடற சத்தம் டொக்கு டொக்குன்னு காதைப் பொளக்கும். காபிக்கடைக திறந்திருக்கும். 2019-லிருந்து வார லீவுல இலவச பஸ்ஸும் விடறாங்க.

பெருந்துறையிலிருந்து ஒரு வாசகர்: டிரிப், அதாவது சொட்டுநீர்ப் பாசனம், பிறந்த இடத்தைப் பார்க்க முடியுமா?

பீர்ஷெபா பக்கம் ஹட்சேரிம்னு ஒரு கிப்புட்ஸ், கூட்டுப்பண்ணைக் கிராமம். சிம்கா பிளாஸ் கண்டுபிடிச்ச டிரிப்பரை வெச்சு 1965-ல நெட்டாஃபிம் கம்பெனி தொடங்குனது அங்கதான். முன்னாடியே எழுதிக் கேட்டு, ஞாயிறுலிருந்து வியாழனுக்குள்ள போங்க. நாங்க போன பண்ணையில மில்லுக்காரரு விடலை. "சனிக்கிழமை கேட்வால்வை யாருங்க திறப்பாங்க?"ன்னாரு. பண்ணைக்காரரு சிரிச்சுட்டு, செவுத்துல இருந்த டைமரைக் காட்டுனாரு.